யாரும் போடாத பந்துக்குப் பத்தொன்பது ரன்

பித்தளைத் தகடு பழைய செய்தித்தாளில் சுற்றி வந்தது. கோபிகிருஷ்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் வந்து இறங்கினான். ரங்கூன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் அரிசி லாரிகள் இரண்டு வரிசையாக நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. வாசல் காவலுக்கு இருந்த சொக்கன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுபத்துமூன்று வயதில் கோபிக்கெல்லாம் எழுந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

"சொக்கண்ணே, பாருங்க. வாசகம் இங்கிலாந்துல இருந்து வந்தது. வெட்டினது நம்ம ஊர்ப் பட்டறையில. எழுத்து எப்படி நிக்குது பாருங்க!"

"இங்கிலீசு எழுத்து எனக்கு நின்னா என்ன, படுத்தா என்ன? என்ன போட்டிருக்குன்னு சொல்லு."

கோபி தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழாக்கிப் படித்தான். முன்பு இங்கே இருந்த மைதானத்தில், 1891 டிசம்பர் மாதத்தில், லண்டன் பார்லிமெண்டுக் கீழ்ச்சபையின் எழுத்தரும் அமெச்சூர் கிரிக்கெட் வீரருமான சார்லஸ் ட்ரெவிட் ஆட்டமிழக்காமல் நூற்றுநான்கு ரன் எடுத்தார்.

"மேலே படி."

"அவ்வளவுதாண்ணே."

"திருப்பிப் பாரு."

"பின்னாடி ஒண்ணும் இல்லே. பின்னாடி சுவர்தான் வரும்."

சொக்கன் வாயிலிருந்த வெற்றிலையை ஓரத்தில் துப்பினார். "நம்ம ஆளு எங்கே?" என்று கேட்டார்.

கோபி செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தான். அவனுக்கு ஐம்பது வயது. ஊர் சுற்றிக் காட்டும் ஆபீஸ் வைத்திருந்தான். சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரன் வருவது நின்று நாலைந்து வருடம் ஆகிறது. இப்போது விசா பாரம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறான். நாலு மாதத்துக்கு முன்னால் அவனுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மாள் கடிதம் போட்டாள். ட்ரெவிட்டின் பேத்தி மகள். தன் பூட்டனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறாள். பூட்டன் சபையில் உட்கார்ந்து, யார் எழுந்தார், என்ன கொண்டுவந்தார், எத்தனை பேர் இந்தப் பக்கம், எத்தனை பேர் அந்தப் பக்கம் என்று ஒன்றுவிடாமல் எழுதும் வேலையில் இருந்தவராம். சபைக்கு லீவு விட்டால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவாராம். அப்படி ஒரு லீவில் ரங்கூனில் அரிசி ஆலை வைத்திருந்த அண்ணனைப் பார்க்க வந்து, இங்கே ஒரு மேட்ச் ஆடியிருக்கிறார். எந்த மைதானம் என்றுதான் அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. எந்த வரைபடத்திலும் இல்லை. தெரிந்தால் அங்கே ஒரு பித்தளைத் தகடு பதிக்க வேண்டுமாம்.

அது சொக்கனுக்குத் தெரியும். அவர் வீட்டில் நாலு தலைமுறையாகத் தெரியும். கோபி அன்றைக்குப் பதிவு செய்யப் போனை நீட்ட, சொக்கன் மைதானம் இருந்த இடத்தை மட்டும் சொல்லவில்லை, முழுக் கதையையும் சொன்னார். வெள்ளைக்காரி கேட்கிறாள் என்றதும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் நூற்றுமுப்பது வருடத்தில் இதை ஒருத்தர் கேட்டதே அதுதான் முதல் தடவை.

கதை இதுதான். சொக்கனின் பூட்டன் பெயர் பொன்னுத்துரை. மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற ஆள். காலையில் துரைமார்கள் பழகுவதற்கு வருவார்கள். அடிப்பது துரை வேலை, பந்து போடுவது கூலி வேலை. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பொன்னுத்துரை வெயிலில் பந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போட்டுப் போட்டு அந்தக் கைக்கு ஒரு குணம் வந்துவிட்டது. மேட்ச் அன்றைக்கு எதிர்க்கட்சியில் ஒரு வெள்ளைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட, அவனுக்குப் பதிலாக நிற்கச் சொல்லிப் பொன்னுத்துரையைக் கூப்பிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் பந்து போட்ட அத்தனை வெள்ளைக்காரனும் நாக்குத் தள்ளி நின்றான். ட்ரெவிட் அறுபத்தொன்றில் இருந்தார். எதிர்க்கட்சித் தலைவன் பந்தைப் பொன்னுத்துரையிடம் வீசினான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ட்ரெவிட் சிரித்தார். இரண்டு ஓவரில் பத்தொன்பது ரன் அடித்தார்.

மூன்றாவது ஓவரின் முதல் பந்தில் நடுக்குச்சி பறந்தது.

ட்ரெவிட் நகரவில்லை. நடுவரைக் கூப்பிட்டுச் சட்டம் பேசினார். பதிலுக்கு வந்தவன் நிற்கலாம், ஓடிப் பொறுக்கலாம், பந்து போடக் கூடாது. போடக் கூடாத பந்து போடாத பந்து. போடாத பந்தில் எப்படி அவுட் ஆவது? நடுவர் தலையாட்டினார். குச்சியை எடுத்து மறுபடி நட்டார்கள். அதுவரை அடித்த பத்தொன்பது ரன்னை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ரன் செல்லும், அவுட் செல்லாது. மறுநாள் பொன்னுத்துரைக்கு மைதானத்தில் வேலை இல்லை. படகுத்துறைக்கு மூட்டை தூக்கப் போனான். அவன் மகனும் அங்கேதான் போனான், பேரனும் அங்கேதான். சொக்கன் நாலாம் வகுப்போடு நின்று மூட்டை எண்ணப் போனார். நாற்பத்தொரு வருடம்.

"இவ்வளவையும் உன் போன்ல சொன்னேனா இல்லையா?" என்றார் சொக்கன்.

"சொன்னீங்கண்ணே. நான் அனுப்பினேன். அவங்கதான் அதுக்கு ஆதாரம் இல்லேன்னுட்டாங்க."

"மைதானம் இங்கே இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"அதான் நீங்க சொன்னீங்கள்ல."

"இதே வாய்தானேடா சொல்லிச்சு? ஒரே மூச்சுல சொன்னதுல பாதி செல்லும், பாதி செல்லாதா? அன்னைக்கு அவன் செஞ்ச அதே வேலையை இன்னைக்கு நீங்க செய்யறீங்க."

"நூத்திமுப்பது வருசம் கழிச்சு அப்பீல் பண்றீங்களேண்ணே! நடுவரே செத்துட்டாரு."

"சிரிக்காதே. பல்லைப் பேத்துடுவேன்."

கோபி சிரிப்பை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தான். ட்ரெவிட் தன் கையால் எழுதி வைத்த மேட்ச் நோட்டின் ஒரு பக்கம், அந்த அம்மாள் அனுப்பிய படம். "பாருங்க, இதான் ஆதாரம். நாலு பேர் பந்து போட்டிருக்கான். நாலும் வெள்ளைக்காரப் பேரு. உங்க ஆளு இதுல இல்லே. நான் என்ன பண்ண முடியும்? முதலாளிகிட்ட அனுமதி வாங்கியாச்சு. வெள்ளிக்கிழமை சுவர்ல அடிச்சுப் படம் எடுத்து அனுப்பணும்."

"அடி. நீ அடிச்ச மறுநிமிசம் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். மைதானம் இங்கே இல்லே, ஆத்துக்கு அந்தாண்டை டாலாவுல இருந்துச்சுன்னு அந்த அம்மாவுக்குச் சொல்லு."

கோபியின் முகம் விழுந்தது. இந்த ஆள் செய்யக்கூடியவர்தான் என்று அவனுக்குத் தெரியும்.

"அந்தப் படத்தை எங்க மாலாவுக்கு அனுப்பு," என்றார் சொக்கன். "என்னத்தை எழுதி வச்சிருக்கான்னு நானும் பார்க்கிறேன்."

மாலா அவருடைய மருமகள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலை ஆபீசில் இருந்துகொண்டு சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிலீசில் கடிதம் அடிப்பாள். தமிழ் பேசுவாள், கொஞ்சம் தடுக்கி. சொக்கனின் மகன் முரளிதரன் மலேசியாவில் இருந்ததால் வீட்டில் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு மின்சாரம் வந்தது. அவள் போனைச் செருகிப் படத்தைப் பெரிதாக்கினாள். சொக்கன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்தார்.

"மாமாவுக்கு இங்கிலீசு தெரியாதே, என்னா பார்க்கப் போறீங்க?"

"எழுத்துதான் வராது. எண் வரும். நீ பேரை விடு. ஒவ்வொருத்தன் பேருக்கு நேரே எத்தனைன்னு காட்டு."

எண் அவருக்கு வந்த மாதிரி படித்தவனுக்கும் வராது. நாற்பத்தொரு வருடம் கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் நின்று மூட்டைக்கு ஒரு கோடு போட்டவர். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. சாயங்காலம் கப்பல்காரன் எண்ணும் தன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கணக்குத் தப்பு என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டான். மூட்டையைத் தூக்கியது யார் என்றுதான் கேட்பான். அந்தக் கேள்விக்கு எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்று சொக்கனுக்குத் தெரியும்.

முதல் ஆள் கொடுத்த ரன் அறுபத்தொன்று. இரண்டாவது ஆள் ஐம்பத்துநான்கு. மூன்றாவது முப்பத்தெட்டு. நாலாவது முப்பது. யார் மட்டையிலும் படாமல் ஓடி எடுத்த உதிரி பதினொன்று. சொக்கன் கோடு போடாமல் மனதிலேயே கூட்டினார். நூற்றுத்தொண்ணூற்றுநான்கு.

"மொத்தம்னு கீழே எத்தனை போட்டிருக்கான்?"

"இரு நூறு... பதிமூணு."

சொக்கன் பென்சிலைக் கீழே வைத்தார். "உன் போன்ல நீ ஒரு தடவை கூட்டு."

மாலா தட்டினாள். கழித்தாள். மறுபடி தட்டினாள். "அமே!" என்று பர்மியர் மாதிரி அம்மாவைக் கூப்பிட்டாள். "மாமா, பத்தொம்பது குறையுது! நீங்க சொல்ற அதே பத்தொம்பது!"

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அடித்தவன் பேரில் பத்தொன்பது ரன் இருக்கிறது, கொடுத்தவன் பேர் இல்லை. காற்று வந்து பந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறது! அப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு இதைச் சொன்னபோதெல்லாம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று அவரே உள்ளுக்குள் நினைத்ததுண்டு. அதை நினைத்ததும் கோபம் இரண்டு மடங்கானது. தன் அப்பனையே சந்தேகப்பட வைத்துவிட்டானே அந்தப் பாவி.

"கோபியை வரச் சொல்லு," என்றார்.

கோபி வந்தான். கூட்டிப் பார்த்தான். காதைச் சொறிந்தான். "எழுதறவன் கூட்டல்ல தப்புப் பண்ணியிருப்பான்ணே."

"தப்புப் பண்ணவன் சரியா பத்தொம்பதுலதான் தப்புப் பண்ணுவானா? அந்த அம்மாவுக்கு எழுது. இப்பவே என் முன்னாடி எழுது."

சொக்கன் சொல்லச் சொல்ல கோபி தட்டினான். சொக்கன் பேசினது பத்து வரி, கோபி தட்டினது மூன்று வரி. அதுவே அவருக்கு இடித்தது. போனைப் பிடுங்கி மாலாவிடம் கொடுத்தார். "என்ன எழுதியிருக்கான், படி."

மாலா படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஊ சொக்கன்," பர்மாக்காரர்கள் பெரியவர்களுக்குப் போடும் ஊவோடு ஆரம்பித்தாள், "ரொம்பப் பணிவோட உங்களுக்கு ஒரு சின்ன விசயம் கேட்டுக்கிறாரு, உங்க நேரத்தை வீணாக்கினதுக்கு மன்னிப்பு..."

"பணிவோடயா? நான் எங்கேடா பணிஞ்சேன்? குனிஞ்சேனா? உன் கண்ணால பார்த்தியா?"

"இங்கிலீசுல அப்படித்தாண்ணே எழுதணும். அது ஒரு மரியாதை."

"அந்த மரியாதைதான் என் பூட்டனைத் தூக்கி வெளியே போட்டுச்சு. நீ எந்திரி. மாலா, நீ அடி. நான் சொல்றதுல ஒரு எழுத்து குறையக் கூடாது, ஒரு எழுத்து கூடவும் கூடாது."

மாலா அடித்தாள். அம்மா, நீங்க அனுப்பின நோட்டுல பத்தொம்பது ரன்னுக்கு ஆள் இல்லை. கூட்டிப் பாருங்க. உங்க பூட்டன் அடிச்சது உண்மைன்னா என் பூட்டன் போட்டதும் உண்மை. போட்டது இல்லேன்னா அடிச்சதும் இல்லை, பத்தொம்பதைக் கழிச்சு எண்பத்தஞ்சுன்னு எழுதுங்க. சபையில கொட்டாவி விட்டவன் பேரையெல்லாம் எழுதின மனுசனுக்கு இங்கே ஒரு பேரை எழுதக் கை வரலையா? இப்படிக்கு, பொன்னுத்துரை பேரன் மகன் சொக்கன்.

"கொட்டாவி வேணாம் மாமா."

"கொட்டாவி வேணும்."

கோபி தலையில் கையை வைத்துக்கொண்டான். "போச்சு. என் பொழைப்பு போச்சு."

ஒன்பது நாள் பதில் வரவில்லை. சொக்கன் எதிர்பார்க்கவும் இல்லை. வெள்ளைக்காரன் பதில் போடாமல் இருப்பது புதிதா என்ன? ஆனாலும் தொழிற்சாலை பஸ் மாலாவை இறக்கிவிடும் நேரத்துக்கு ஒவ்வொரு சாயங்காலமும் தெருமுனையில் நின்றார். கீரை வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஒன்பது நாளும் கீரை சாப்பிட்டார்கள்.

பத்தாவது நாள் மாலா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே போனைத் தூக்கிக் காட்டினாள். தெருமுனையிலேயே நின்று படித்தாள். அந்த அம்மாள் கூட்டிப் பார்த்தாளாம். பத்தொன்பது குறைவது சரிதானாம். பூட்டனின் நோட்டை இருபது வருடமாக வைத்திருந்தும் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்காததற்கு வெட்கப்படுகிறாளாம். பொன்னுத்துரை என்ற பெயரைப் புத்தகத்தில் சேர்ப்பாளாம். அவருடைய பந்தில் ட்ரெவிட் அவுட் ஆனதாக அவர் குடும்பத்தில் சொல்லப்படுகிறது என்று அடிக்குறிப்பில் வரும்.

கோபியும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டான். அவனுக்கும் கடிதம் போயிருந்தது. "அண்ணே, ஜெயிச்சிட்டீங்க! பேரு புத்தகத்துல வருது! இப்பத் தகட்டை அடிச்சிடலாம்ல?"

சொக்கன் அவனைப் பார்க்கவே இல்லை. "அடிக்குறிப்புன்னா என்ன?" என்று மாலாவிடம் கேட்டார்.

"பக்கத்துக்கு அடியில... சின்ன எழுத்துல..."

"சொல்லப்படுகிறதுன்னா?"

"அப்படின்னு சொல்றாங்களாம், உண்மையா இல்லையான்னு தெரியாதுன்னு."

தெருமுனையில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு சொக்கனின் குரல் உயர்ந்தது. "அவன் நூத்திநாலு அடிச்சது நடந்தது. நாங்க குச்சியைப் பறக்கவிட்டது சொல்லப்படுகிறதா? அவன் நோட்டு பொய்யின்னு கூட்டிக் காட்டியாச்சு. அப்புறமும் அவன் பேச்சு பெரிய எழுத்துல, எங்க பேச்சு காலடியில சின்ன எழுத்துல. என்ன நியாயம் இது?"

"அண்ணே, கிடைச்சதை வாங்கிக்குவோம்ணே," என்று கெஞ்சினான் கோபி. "ஒரு பேருக்காகத்தானே இவ்வளவும்? பேருதான் வந்துடுச்சே."

சொக்கன் கீரைக் கட்டைக் கைமாற்றிக்கொண்டார். ஒரு பேருக்காகத்தான். அது உண்மை. இதை மறுத்தால் அந்தப் பெயரும் போகும். அவருக்குப் பிறகு இதைச் சொல்ல ஆள் இல்லை. முரளிதரனுக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமை கிடையாது. ஒரு காகிதத்தில் அடியிலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிடம் மனம் தளர்ந்தது. ஆனால் அந்தக் குறிப்புக்கு மேலே, பெரிய எழுத்தில், ஆட்டமிழக்காமல் என்ற சொல் இருக்கும். பொன்னுத்துரை அந்தப் பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு அடியில் நிற்பான். மூட்டை தூக்கினது போதாதா?

"மாலா, அடி," என்றார். "எங்க குடும்பத்துல சொல்றாங்கன்னு போடறதா இருந்தா தாராளமாப் போடுங்க. மேலே, அதே அளவு எழுத்துல போடுங்க. பக்கத்துலயே, ட்ரெவிட் அவுட் ஆகலேன்னு ட்ரெவிட் குடும்பத்துல சொல்றாங்கன்னும் போடுங்க. ரெண்டு பேரும் சொல்றவங்கதான். படிக்கிறவன் கூட்டிப் பார்த்துக்கட்டும். முடியாதுன்னா என் பூட்டன் பேரைத் தொடாதீங்க. மைதானம் இருந்த இடத்தையும் எடுத்துடுங்க."

"எல்லாமே போயிடும் மாமா."

"போகட்டும். இருந்து என்ன வாழ்ந்துச்சு? அடி."

இந்தத் தடவை கீரை வாங்கப் போகவில்லை. கிட்டங்கி வாசலில் வருகிற லாரிக்காரன் ஒவ்வொருத்தனோடும் சண்டை போட்டார். கதவைத் திறக்க இரண்டு நிமிடம் தாமதமானதற்கு ஒரு டிரைவர் ஏதோ முனக, அவன் பரம்பரையையே இழுத்துவிட்டார்.

அந்த வாரமே பதில் வந்தது. முதலில் வந்தது கோபிதான், பழைய செய்தித்தாள் சுற்றிய தகட்டோடு.

"திருப்தியாண்ணே? தகடு வேணாம்னுட்டாங்க. அதுக்கு அங்கே ஒரு கமிட்டி இருக்காம். பித்தளையில 'சொல்றாங்க'ன்னு போட முடியாதாம். ரெண்டு பேரு போடறதுன்னா தகடே வேண்டாம்னு கைதூக்கி ஓட்டுப் போட்டுட்டாங்களாம்."

"பார்த்தியா? என் பூட்டன் பக்கத்துல நிக்கிறதுக்குப் பதிலா அவனையே எடுத்துட்டாங்க. அவ்வளவு பெரிய மனசு!"

"பெரிய மனசு இருக்கட்டும், இதை நான் என்ன பண்றது?"

"உங்க வீட்ல அடி. நீதான் பணிவானவனாச்சே."

கோபி தகட்டை அந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போக நினைத்து, பிறகு மனம் வராமல் எடுத்துக்கொண்டு போனான். சொக்கன் சுவரைப் பார்த்தார். காரை பெயர்ந்த வெறும் சுவர். பெயருக்காகக் கேட்டதில் எதுவுமே இல்லாமல் போய்விட்டதோ என்று அன்று முழுவதும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாலா வந்ததும் புத்தகம் என்ன ஆயிற்று என்று சொன்னாள். தகடு கமிட்டியுடையது, புத்தகம் அந்த அம்மாளுடையது. புத்தகத்தில் அவர் கேட்டபடியே எழுதிவிட்டாளாம். அந்தப் பக்கத்தையே அச்சில் வரப்போகிற மாதிரி படமாக அனுப்பியிருந்தாள்.

சொக்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாலா ஒவ்வொரு வரியாகத் தடுக்கித் தடுக்கித் தமிழில் சொன்னாள். இரண்டும் ஒரே அளவு எழுத்து. இரண்டும் சொல்கிறார்கள். ஆட்டமிழக்காமல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. குறைகிற பத்தொன்பது ரன்னைப் பற்றி ஒரு பாரா முழுக்க இருந்தது. பூட்டன் பெயர் மூன்று இடத்தில் வந்தது. சொக்கன் மூன்று இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். பெயரின் எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டார். பிறகு ட்ரெவிட் பெயரைக் காட்டச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி குட்டியா ரெண்டு எழுத்து இருக்கே, அது என்ன?"

"அது மிஸ்டர், மாமா. அந்தக் காலத்துல சம்பளம் வாங்காம ஆடறவங்களுக்கு மட்டும் நோட்டுல மிஸ்டர் போடுவாங்களாம். கூலிக்குப் பந்து போடறவங்களுக்கு வெறும் பேருதானாம். அது பழக்கமாம். அவங்களே கீழே விளக்கி எழுதியிருக்காங்க."

"நம்ம ஆளுக்கு முன்னாடி இருக்கா?"

"இல்லே."

சொக்கன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் பழைய சிடுசிடுப்பு திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மாலாவுக்கு மூச்சு வந்தது.

"அன்னைக்கு மேட்சுல நின்னதுக்குப் பூட்டனுக்கு எவனும் கூலி கொடுக்கலே. மறுநாள் இருந்த வேலையையும் பிடுங்கிட்டான். சம்பளம் வாங்காம ஆடினவன் யாரு? எழுது அந்த அம்மாவுக்கு."

"என்னான்னு?"

"மிஸ்டர் போடச் சொல்லு."